சூடு கண்டால் கிளம்பாது

என் வீட்டுக்காரர் காசிமாயனுக்கு உயிர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று என்னிடம். இன்னொன்று எஸ்டேட்டின் பழைய பிக்கப்பு வண்டியில். எது பெரிசு என்று நான் கேட்டதில்லை. பொய் சொல்ல வராத மனுஷன். கேட்டால் உண்மையைச் சொல்லித் தொலைப்பார், அப்புறம் வயிறெரிவது நான்தான்.

நாங்கள் இருவரும் போடிப் பக்கம் சிலமலை ஊர்க்காரர்கள். கல்யாணம் முடிந்த கையோடு போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்துவிட்டோம். நான் ஸ்டோரில் காய் பிரிப்பேன், அவர் வண்டி ஓட்டுவார். ஜீப்பு மாதிரி மூக்கும், பின்னால் லோடு ஏற்ற ஒரு தகரத் தொட்டியுமாக இருக்கும் அந்த வண்டி. பெட்ரோலில் ஓடுவது. ஏறும்போது உரம், அரிசி, கூலியாட்கள். இறங்கும்போது காய் மூட்டை. எங்கள் எஸ்டேட்டுக்கு அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. பஸ்சு வேண்டுமென்றால் மெட்டு வரைக்கும் நடக்கவேண்டும். அப்படி நடந்து போனாலும் பஸ்சு வந்தால் வரும், மண் சரிந்தால் வராது.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்லமாட்டேன். சொன்னவர்களோடு சண்டைக்கே போயிருக்கிறேன். ஆனால் பயம் அவருக்குச் சோற்றில் உப்பு மாதிரி, இல்லாமல் இறங்காது. வண்டியை எடுக்குமுன் நாலு டயரையும் மிதித்துப் பார்ப்பார். பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்ப்பார். அடுப்பில் உலை வைத்துவிட்டு நான் தண்ணீருக்குப் போனால், வீடு தீப்பிடித்துவிடும் என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் அந்த வண்டி வாய்த்தது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் நான் முதல் பிள்ளை உண்டானேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்கு ஒற்றைப்படை மாசத்தில்தான் கூட்டிப்போவார்கள். ஏழில் போகவேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதில். எனக்கு ஏழாம் மாசம் நடக்கும்போது மலையில் காய் எடுப்பு மும்முரம். ஒன்பதில் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். எட்டாம் மாசத்தில் வலி வந்தது. அவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார். அடிவாரத்தில் முந்தலுக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டி நின்றுபோனது. அங்கிருந்து போடி வரைக்கும் சமதரை, உருட்டிக்கொண்டு போகவும் முடியாது. தள்ளிப் பார்த்தார்கள். முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி அவர் உள்ளங்கை தோல் உரிந்தது. வண்டி செருமக்கூட இல்லை. மூணாறிலிருந்து இறங்கிய ஒரு தேயிலை லாரி வந்து எங்களை ஏற்றிக்கொண்டபோது நேரம் கடந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை.

கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று நர்சம்மா சொன்னார். அந்தம்மா மேல் தப்பில்லை, நான் கேட்டதற்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை காசிமாயன் காதில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து முந்தலுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால், ஆறிப்போன வண்டி ஒரே சுற்றில் கிளம்பியதாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்த வெறி. வண்டிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சில நாள் மலை ஏறி இறங்கி வந்தால் வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். சில நாள் அடிவாரத்தில் மக்கர் பண்ணும். சூடு கண்டால் கிளம்பாது, ஆறினால் கிளம்பும். அவ்வளவுதான் தெரியும். ஜக்கையன் பட்டறைக்குக் கொண்டுபோகிறபோது அது ஆறியிருக்கும். அங்கே ஒரு குறையும் காட்டாது. மாமியார் வந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளும் மருமகள்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஜாதி வண்டி.

ஜக்கையன் போடியில் பட்டறை வைத்திருந்தவர். எங்கள் முதலாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. கைவேலை சுத்தம். முதலில் பெட்ரோல் பம்பு சூட்டில் கொதிக்கிறது என்றார். சாக்கை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிக்கொண்டு போனார் இவர். நாலு நாள் ஓடியது, அப்புறம் நின்றது. கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். கண்டன்சரை மாற்றினார்கள். காயில் என்று ஒரு டப்பா இருக்கிறது, எஞ்சினுக்குப் பொறி உண்டாக்கித் தருவது, அதையும் புதிதாகப் போட்டார்கள். அந்த மாசம் பூராவும் வண்டி ஓடியது. எங்கள் லயத்தில், அதுதான் கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாசம் மறுபடி முந்தலில் நின்றது. புதுக் காயிலும் இப்படி என்றால் குற்றம் காயிலில் இல்லை என்று அதை விட்டுவிட்டார்கள்.

முந்தலில்தானே நிற்கிறது, அங்கே இருக்கிற சாமிக்குத்தான் ஏதோ குறை என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் வைத்து, சேவல் நேர்ந்துவிட்டு வந்தார். அதற்கப்புறமும் கொஞ்ச நாள் ஓடியது. ஓடினால் சாமி, நின்றால் பம்பு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

ஒருநாள் ஜக்கையன் இவரிடம் கேட்டாராம்.

"மாப்ளே, நீ மலையில எப்படித்தான் ஓட்டுற?"

"எல்லாரும் ஓட்டுற மாதிரித்தான் ஓட்டுறேன்."

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த மலையில் எல்லா டிரைவரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவார்கள். பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்து வந்த பழக்கம். மிஞ்சுகிற பெட்ரோல் டிரைவர் பாடு. முதலாளிமாருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஜக்கையன் முதலாளியின் ஆள் என்பதால் அவரிடம் அதை யாருமே மூச்சுவிடமாட்டார்கள். இவரும் விடவில்லை.

இவருக்கு அது பெட்ரோலுக்காக மட்டும் இல்லை. முதல் பிள்ளை போனதற்குப் பிறகு அதை ஒரு வைத்தியமாகவே பிடித்துக்கொண்டார். வண்டி சூட்டினால்தானே நிற்கிறது, இறக்கம் பூராவும் எஞ்சினை அணைத்துப் போட்டால் ஆறிவிடுமே என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் அங்கங்கே அணைப்பார்கள். இவர் மெட்டில் அணைத்தால் முந்தல் வரைக்கும் அணைத்தே வருவார். ஜக்கையன் பங்குக்கு, எஞ்சின் சூடு அண்டக்கூடாது என்று அந்தக் காயில் டப்பாவை மூக்குக்குள்ளிருந்து கழற்றி, நாங்கள் உட்காரும் இடத்தில், டிரைவருக்குப் பக்கத்தில் கால்மாட்டில் வைத்து முடுக்கிவிட்டார். நீளமாக ஒயர் இழுத்துவிட்டார். அதற்கப்புறமும் வண்டி சில நாள் ஓடியது, சில நாள் நின்றது.

அப்படி இருக்கும்போதுதான் நான் மறுபடியும் உண்டானேன். சொன்னதும் அவர் சிரித்தார். அப்புறம் எழுந்துபோய் வண்டியின் மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளை வயித்துல இருக்கு மாமா, வண்டிக்குள்ள இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான் குருவு," என்றார்.

இந்தத் தடவை ஏழில் போய்விட வேண்டும் என்று இருந்தோம். ஏழாம் மாசம் என் அண்ணன் வீட்டில் ஒரு சாவு விழுந்தது. தீட்டு. எட்டு ஆனாலும் பரவாயில்லை, கூட்டிப்போய் விட்டுவிடுகிறேன் என்று அவர் என் அண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். என் அண்ணி சொல்லி அனுப்பினாள், எட்டில் வந்து ஏதாவது ஆனால் அவள் வீட்டுக்குத்தான் கெட்ட பெயர் என்று. மகராசி, என் மேல் அவ்வளவு அக்கறை. ஒன்பது பிறக்கட்டும் என்று முடிவானது.

அந்த மாசம் அவர் தூங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்தே நிறுத்தினார். கீழே போனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் போய் வண்டியின் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார். இப்போது வலி வந்தால், வண்டி இவ்வளவு சூடாக இருக்கும்போது வந்தால் என்ன செய்வது. வாயைத் திறந்து சொல்லமாட்டார். ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். எனக்கும் பயம்தான். நானும் பயந்தால் அவர் விழுந்துவிடுவார் என்று ஏசிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது பிறப்பதற்கு முன்னாலேயே, ஒரு மதியம், ஸ்டோரில் காய் பிரித்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. கூட வேலை செய்த முனியாயி மலையில் பல பேருக்குப் பிள்ளை பார்த்தவள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"பிள்ளை தலைகீழாத் திரும்பல. காலு கீழ கிடக்கு. இதை நான் தொடமாட்டேன் ஆத்தா. வெரசா கீழ கொண்டுபோகணும்."

அதே நேரத்தில்தான் அவர் உர லோடு ஏற்றிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். வண்டி கொதித்துக்கொண்டிருந்தது. மூட்டைகளை அப்படியே தள்ளிவிடச் சொன்னார். எஞ்சினை அணைக்கவில்லை. என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கம் கதவோரத்தில் முனியாயி ஒரு தூக்குவாளி தண்ணீரோடு ஏறினாள்.

மெட்டைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் அவர் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"எதுக்கு அணைக்கிறீங்க? மறுபடி கிளம்பாட்டி?"

"ஆறட்டும் குருவு. இப்படியே கீழ இறங்குனா முந்தல் போறதுக்குள்ள நல்லா குளுந்துரும். இன்னைக்கு நிக்காது. நிக்க விடமாட்டேன்."

நியூட்ரலில் போட்டார். அப்புறம் சாவியை மறுபடி திறந்து வைத்தார். அந்த வண்டியில் சாவி திறந்திருந்தால்தான் ஹாரன் அடிக்கும். ஹாரன் இல்லாமல் அந்த வளைவுகளில் இறங்க முடியாது. அவர் எப்போதும் அப்படித்தான் இறங்குவார். எல்லோருமே அப்படித்தான்.

எஞ்சின் சத்தம் இல்லாமல் வண்டி உருண்டது. டயர் சத்தமும் பிரேக்குச் சத்தமும்தான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். எனக்கு வலி வருவதும் விடுவதுமாக இருந்தது. விடுகிற நேரத்தில் பள்ளத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சாமியைக் கும்பிட்டாரா, வண்டியைக் கெஞ்சினாரா, தெரியாது.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு பெரிய வலி வந்து நான் காலை நீட்டி உதைத்தேன். என் கெண்டைக்கால் அந்தக் காயில் டப்பாவில் பட்டது. சுரீரென்று சுட்டது. தோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஆத்தாடி, என்ன மாமா இது, கொள்ளிக்கட்டையாச் சுடுது."

"எஞ்சின் சூடு தாயி. காலை மடக்கிக்க."

எனக்கு வந்ததே கோபம். வலியில் இருக்கிற பொம்பளைக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது.

"என்ன எஞ்சின் சூடு? எஞ்சினைத்தான் மெட்டுலயே அணைச்சுட்டீங்களே. எஞ்சின் சூடு படக்கூடாதுன்னுதானே இதைக் கழட்டி எங்காலுகிட்ட கொண்டாந்து வச்சீங்க. அப்ப இதுக்கு எங்க இருந்து சூடு வருது?"

அவர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு மறுகையைக் கீழே விட்டு டப்பாவைத் தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சாவியைப் பார்த்தார். அது திறந்து கிடந்தது. டப்பாவையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை இன்னொரு தடவை பார்க்கும் கொடுமை எனக்கு வரவேண்டாம்.

சாவியை மூடினார்.

"எஞ்சின் ஓடல. ஆனா நான் சாவியத் தொறந்து வச்சு இதுக்குக் கரண்டு குடுத்துக்கிட்டே வந்திருக்கேன்," என்றார். "மெட்டுல இருந்து முந்தல் வரைக்கும். இதைப் போட்டு வறுத்திருக்கேன். நாந்தான்."

பிறகு முனியாயியிடம் சொன்னார், "அக்கா, துணிய நனைச்சு இது மேல போடு. ஹாரன் அடிக்க மாட்டேன். வளைவுக்கு வளைவு கதவைத் தட்டிச் சத்தம் போடு."

முனியாயி தன் முந்தானையையே கிழித்து நனைத்து டப்பாவில் சுற்றினாள். தண்ணீர் பட்டதும் ஆவி வந்தது. அப்புறம் கையை வெளியே விட்டுத் தகரக் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் தாயையும் பிள்ளையையும் இழுத்து ஏசிக்கொண்டு வந்தாள். அந்த வாய்க்கு முன்னால் ஹாரன் என்ன ஹாரன்.

எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நல்லது. வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், என் குணம் விடவில்லை.

"அப்ப மொதப் பிள்ளைக்கும் இப்படித்தானா மாமா?"

அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

அடிவாரத்துக்கு முந்தின சரிவில் சாவியைத் திறந்து, கியரில் போட்டு கிளட்சை விட்டார். வண்டி உதறியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி விட்டார். மறுபடியும் உதறி அடங்கியது. கீழே சமதரை தெரிந்தது. அங்கே போய் நின்றால் நின்றதுதான். முனியாயி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் முதல் பிள்ளையின் முகத்தை நினைத்தேன். இந்தப் பிள்ளைக்கும் அதே இடத்தில்தான் விதியா என்று நினைத்தேன்.

"தண்ணி மிச்சம் இருக்காக்கா?"

"கொஞ்சூண்டு கிடக்கு."

"பூராத்தையும் ஊத்து."

ஊற்றினாள். சாவியை மூடி வைத்துக்கொண்டு சரிவு முடியும் வரைக்கும் வண்டியை உருளவிட்டார்.  சரிவின் கடைசியில், வேகம் செத்துக்கொண்டு வரும்போது சாவியைத் திறந்து கிளட்சை விட்டார். எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது.

போடி ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்ட பிறகும் அவர் எஞ்சினை அணைக்கவில்லையாம். அது தானாக உறுமிக்கொண்டே கிடந்ததாம். வாட்ச்மேன் வந்து சத்தம் போட்டானாம்.

பெண் பிள்ளை. கால் முதலில் வந்து, நீலம் பாரித்து, அப்புறம் ஆஸ்பத்திரி அதிர அழுதாள். எனக்கு அந்தச் சத்தத்தை விட்டால் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பிள்ளையின் அப்பாவைக் காணோம். பிள்ளை பிறந்ததைக் கேட்டதும் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. நான் கொதித்துப்போய்க் கிடந்தேன். முனியாயியைப் பார்த்துவரச் சொன்னேன். வெகுநேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அவர் ஜக்கையன் பட்டறைக்குப் போயிருக்கிறார். அங்கே மலைக்கு ஓட்டுகிற ஜீப்பு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும், ஜக்கையனிடம், இறக்கத்தில் அணைத்து ஓட்டுவதையும் ஹாரனுக்காகச் சாவியைத் திறந்து வைப்பதையும் சொல்லியிருக்கிறார். வேலை போனால் போகிறது என்று சொன்னாராம்.

ஜக்கையன் தலையில் அடித்துக்கொண்டாராம். "வக்கீல்கிட்டயும் வைத்தியன்கிட்டயும் மறைக்கக் கூடாதும்பாங்க. மெக்கானிக்கிட்ட மட்டும் மறைக்கலாமா? எஞ்சின் நிக்கிறப்ப உள்ள பாயிண்டுன்னு இருக்கிற ரெண்டு முனையும் ஒட்டி நின்னா, கரண்டு காயிலுக்குள்ள போய்க்கிட்டே இருக்கும், வெந்துரும். விலகி நின்னா ஒண்ணும் ஆகாது. அதான்யா ஒரு நா ஓடுது, ஒரு நா நிக்குது. நான் புதுசாப் போட்ட காயிலையும் நீ வேகவச்சுட்ட."

டிரைவர்களில் ஒருவன், பிச்சைமணி, சிரித்திருக்கிறான். "நாங்களுந்தாண்ணே அணைச்சு இறக்குறோம். எங்க வண்டி ஒண்ணும் நிக்கலையே."

"நிக்கும்," என்றாராம் இவர். "நிக்கிற அன்னைக்கு வண்டிக்குள்ள யாரு இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. எனக்கு எம் பொண்டாட்டி இருந்தா. எம் மொதப் பிள்ளையக் கொன்னது நாந்தாண்டா."

அதற்கப்புறம் அங்கே யாரும் டீயைத் தொடவில்லை என்றாள் முனியாயி.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். வார்டு வாசலோடு நின்றுவிட்டார். நான் கூப்பிட்டதும் கட்டில் பக்கத்தில் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"தூக்குங்க," என்றேன்.

"வேணாம் குருவு."

"ஏன்?"

"எங்கையால வேணாம்."

எனக்குக் கோபம் இருந்தது. பொய் சொல்வானேன், அன்றைக்கு மலைமலையாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்த வண்டியைச் சபித்திருக்கிறேன், சாமியைச் சபித்திருக்கிறேன். சபிக்கவேண்டிய ஆள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு எனக்காகப் பயந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு பொம்பளை எதைத்தான் பேசுவாள்.

"நீங்க வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும்," என்றேன். "நீங்க செய்யலைன்னு சொல்லித் தேத்த எனக்கு மனசு வரல மாமா. இன்னைக்கு வரல. என்னைக்காச்சும் வருமான்னும் தெரியல. எனக்கு உடம்பு முடியல, பிள்ளை அழுவுது. கையக் கொண்டாங்க."

அவர் மெதுவாகக் கையை முன்னால் கொண்டுவந்தார்.  நான் பிள்ளையை அந்தக் கையில்தான் வைத்தேன்.